மைக் அண்ணனின் திருத்தம்

மலேசியாவில், பகாவ் வட்டாரத்தில் ரகசியம் என்று ஒன்று எப்போதாவது இருந்திருந்தால், அது மைக் அண்ணன் பிறப்பதற்கு முன்னால்தான் இருந்திருக்க வேண்டும். கோவில் ஸ்பீக்கரில் அவர் குரல் கிளம்பினால் தொழிலாளர்களின் லயத்து வீடுகளைத் தாண்டி, செம்பனை வரிசைகளைத் தாண்டி, அடுத்த தோட்டத்து மாடுகளுக்கும் சேதி போய்விடும். யார் மகள் சமைந்தாள், யார் மகன் பரீட்சையில் தேறினான், காணாமல் போன சேவல் யார் வீட்டுப் பக்கம் கடைசியாகக் காணப்பட்டது, எல்லாமே அறிவிப்புதான். பகாவுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் அப்படி ஒருவர் இருந்தார்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் திருவிழா அழைப்பிதழிலேயே ‘அறிவிப்பாளர்: மைக்’ என்றுதான் அச்சடிப்பார்கள். வேலை, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுவது. மற்ற நேரமெல்லாம் மாரியம்மன் கோவில் மண்டபத்தில், அந்தப் பழைய ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் இருப்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கையில் மைக் இல்லாவிட்டால் அவர் லேசில் வாயே திறக்க மாட்டார். கடையில் சீனி வாங்குவதானால்கூட விரலால் காட்டுவார். மைக்கைக் கொடுத்துவிட்டால் மேடைத் தமிழ் கொட்டும். ‘அன்பார்ந்த தோட்டத்துப் பெருமக்களே’ என்று தொடங்கி ‘நன்றி, வணக்கம்’ என்று முடிப்பதற்குள் ஒரு நாட்டின் பிரதமர் பேசி முடித்ததுபோல் இருக்கும். தண்ணீர்க் குழாய் மூடப்படும் என்பதுதான் செய்தியாக இருக்கும்.

நான் சிரம்பான் நகரத்தை ஒட்டிய ராசாவில் பிறந்து வளர்ந்த நர்ஸ். தோட்டத்தில் நர்ஸ் என்றால் மிஸ்ஸி. குடிப்பழக்கத்துக்கும் போதைப் பழக்கத்துக்கும் சிகிச்சை தர ஒரு சிறிய தொண்டு அமைப்பு வாரத்துக்கு ஒரு நாள் தோட்டங்களுக்கு வேன் அனுப்பியது. வேனில் ஒரு டாக்டரும் நானும் ஒரு மடக்கு மேசையும் போவோம். எங்கள் அமைப்பில் டாக்டர்கள் நிலைப்பதில்லை. ஒருவருக்குத் தோட்டத்து மண் பாதையெல்லாம் காட்டிப் பழக்கி முடிக்கும்போது அவர் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விடுவார். மடக்கு மேசை மட்டும் கடைசிவரை எங்களோடு இருந்தது.

இந்த வேலையில் நான் கற்ற முதல் பாடம், குடிக்கிறவரிடம் குடிக்கிறீர்களா என்று கேட்கக்கூடாது என்பது. முதல் வாரம் வழியில் பார்த்த ஒரு பெரியவரிடம் மரியாதையாகத்தான் கேட்டேன். “ஐயா, நீங்க குடிக்கிறீங்களா?”

“இப்பதான் மிஸ்ஸி பாலில்லாம ஒரு தே ஓ குடிச்சிட்டு வந்தேன். நீங்க குடிங்க,” என்றார். அவர் மூச்சில் வந்த சம்சுச் சாராய வாடையில் எனக்கே தலை சுற்றியது.

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் மேசைப் பக்கம் ஒரு மனிதர் வந்து நின்றால் போதும், அன்று சாயங்காலமே ஊர் பேசும். மகளைப் பெண் கேட்டு வருகிறவன் திரும்பிப் போவான், வேலை வாங்கும் மண்டோர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். அதனால் விஷயத்தைக் காதும் காதும் வைத்தாற்போல் நாலு பேருக்குச் சொல்லும்படி கோவில் தலைவரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் அதை மைக் அண்ணனிடம் சொல்லிவிட்டார்.

நான் மேசையை விரித்துக்கொண்டிருந்தபோது ஸ்பீக்கர் கரகரத்தது. “அன்பார்ந்த தோட்டத்துப் பெருமக்களே! குடியை விட விரும்பும் நல்லுள்ளங்களுக்காக மருத்துவக் குழுவினர் சிரம்பானிலிருந்து வருகை தந்துள்ளார்கள். குறிப்பாகக் கீழ்க்கண்ட அன்பர்கள் உடனடியாக ஆலய மண்டபத்துக்கு வருமாறு அன்போடு அழைக்கப்படுகிறார்கள்.” பிறகு பெயர்களைப் படித்தார். எந்த லயம், எத்தனாவது வீடு என்று அடையாளமும் சொன்னார். ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்த இடத்தில், “மாடு வைத்திருப்பவர் அல்ல, பல் இல்லாதவர்” என்று தெளிவுபடுத்தினார்.

நான் மண்டபத்துக்குள் ஓடினேன். “அண்ணே, என்ன பண்றீங்க? இது ரகசியம்ணே!”

அவர் மைக்கை வாயிலிருந்து எடுத்தார். உடனே குரல் பாதியாகிவிட்டது. “தெரியும் மிஸ்ஸி. அதான் சத்தத்தக் கொறச்சி வெச்சி சொன்னேன்.”

அன்று ஒருவரும் வரவில்லை. பெயர் சொல்லப்பட்டவர்கள் செம்பனைக் காட்டுக்குள் மறைந்து, எங்கள் வேன் போன பிறகுதான் வெளியே வந்தார்களாம்.

அடுத்த வாரம் நான் முன்னெச்சரிக்கையாக அவரிடமே போனேன். பெயர் சொல்லக்கூடாது, குடி என்ற வார்த்தையே வரக்கூடாது என்று விளக்கினேன். “அப்ப என்னான்னு சொல்றது மிஸ்ஸி?” என்று முனகினார். போதை மருந்துக்கும் நாங்கள்தான் பார்க்கிறோம், சும்மா மருந்து என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். அவர் முகத்தில் தெளிவு பிறந்தது. அந்தத் தெளிவைப் பார்த்தே நான் பயந்திருக்க வேண்டும்.

“மருந்து அடிக்கும் அன்பர்கள் அனைவரும் செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு உடனடியாக ஆலய மண்டபத்துக்கு வரவும்!”

தோட்டத்தில் மருந்தடிப்பது என்றால் புல்லுக்கு விஷ மருந்து தெளிப்பது. முதுகில் பம்ப்பைக் கட்டிக்கொண்டு அதைச் செய்கிறவர்கள் பெண்கள். சற்று நேரத்தில் தலையில் துண்டும் காலில் பூட்ஸுமாக ஒரு படையே மண்டபத்துக்கு வந்து நின்றது. எங்கள் புது டாக்டர் பட்டணத்துப் பிள்ளை, தோட்டத்துக்கு அன்றுதான் முதல் வருகை. “மிஸ்ஸி, இத்தன பேருமா?” என்று என் காதில் கேட்டார். பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, முன்னால் நின்ற அஞ்சலை அக்காவிடம் விசாரணையைத் தொடங்கிவிட்டார்.

“எவ்வளவு காலமா அடிக்கிறீங்கம்மா?”

“கல்யாணம் கட்டி வந்த நாள்லேருந்து அடிக்கிறேன் டாக்டர்.”

“தினமுமா?”

“மழ பெஞ்சா மட்டும் அடிக்கிறதில்ல. வேஸ்ட்டாப் போயிடும்லா.”

“நிறுத்தணும்னு எப்பவாவது நினைச்சதுண்டா?”

“நான் நிறுத்திட்டா மண்டோரு வந்து அடிப்பாரா டாக்டர்?”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதற்குள் மண்டோர் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்து, என் ஆள்களை எல்லாம் யார் கூப்பிட்டது என்று கத்த, அஞ்சலை அக்கா அவரைக் கையமர்த்தினார். “கத்தாதீங்க மண்டோர். வந்தது வந்துட்டோம், பிரஷராவது பாத்துட்டுப் போறோம்.”

அன்று எல்லாருக்கும் இரத்த அழுத்தம் பார்த்தேன். அஞ்சலை அக்காவின் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அவர் என் முகத்துக்குக் கிட்டே குனிந்தார். சிரிப்பெல்லாம் போயிருந்தது. “மிஸ்ஸி, எங்க வீட்டுக்காரருக்கும் பிரஷருதான். சாயங்காலமானா ஏறிடுது. ஏறுச்சின்னா கையும் நீளுது. அவரயும் கூட்டியாரட்டுமா?”

எனக்குப் புரிந்தது. அந்த நிமிடத்திலிருந்து எங்கள் வேனுக்குப் பிரஷர் வேன் என்று பெயர் வந்துவிட்டது. ஆண்களும் கொஞ்சம் கொஞ்சமாக வரத் தொடங்கினார்கள். “நேத்து ரெண்டு போத்தல் பிரஷர் மிஸ்ஸி,” என்பார் ஒருவர். “திங்கக்கெழம ஏறுன பிரஷர், எறங்கவே இல்ல,” என்பார் இன்னொருவர். உண்மையிலேயே இரத்த அழுத்தம் உள்ள ஒரு தாத்தா மட்டும், ‘எனக்குப் பிரஷர்’ என்று வெளியே சொல்ல முடியாமல் தவித்தார்.

குடியை விட வைப்பதில் பெரிய சிக்கல் எது என்று கேட்டால், விடமாட்டேன் என்கிறவர் இல்லை. இன்றே விட்டுவிட்டேன் என்கிறவர்தான். நாள்பட்டுக் குடித்த உடம்பு, திடீரென்று நிறுத்தினால் தாங்காது. நடுக்கம் வரும், இல்லாத பூச்சியெல்லாம் சுவரில் ஊர்வதுபோல் தெரியும், வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தத் தோட்டத்தில் ஒருவர் முனியாண்டி கோவிலில் சத்தியம் செய்து கயிறு கட்டிக்கொண்டு ஒரேயடியாக நிறுத்தினார். இரண்டொரு நாளில் வலிப்பு வந்து வாசலில் விழுந்தார். பிழைத்ததே பெரிய விஷயம். சாமி குத்தம் என்றார்கள். விட்டதற்கு ஏன் சாமி தண்டிக்கிறது என்று குழம்பி, அவர் மறுபடி குடிக்கப் போய்விட்டார்.

இதைப் பார்த்துப் பதறிப்போய், நானே மைக் அண்ணனிடம் வலியப் போனேன். என் கெட்ட நேரம். நாள்பட்டுக் குடிப்பவர்கள் தாங்களாக உடனே நிறுத்த வேண்டாம், முதலில் எங்களை வந்து பாருங்கள், மருந்து கொடுத்துப் பக்குவமாக நிறுத்துவோம் என்று அறிவிக்கச் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டுத் தலையாட்டினார்.

“அன்பார்ந்த தோட்டத்துப் பெருமக்களே! தயவுசெய்து யாரும் குடியை நிறுத்த வேண்டாம் என்று மிஸ்ஸி அவர்கள் அன்புடன் கேட்டுக்கொள்கிறார். நன்றி, வணக்கம்!”

லயத்திலிருந்து கைதட்டல் கேட்டது. யாரோ விசில் அடித்தார்கள். அடுத்து, வீட்டுப் பெண்கள் விளக்குமாறும் கையுமாக என் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். நான் அவர்களிடமிருந்து தப்பி மண்டபத்துக்கு ஓடி, “அண்ணே, பாதிய முழுங்கிட்டீங்க. உடனே ஒரு திருத்தம் சொல்லுங்க!” என்றேன்.

மைக் அண்ணன் ஒலிபெருக்கிப் பெட்டியை மூடினார். “திருத்தமெல்லாம் சொல்றதில்ல மிஸ்ஸி.”

“ஏன்?”

“சொன்னது சொன்னதுதான். ஒரு தடவ திருத்தம் சொன்னா அப்பறம் மைக்க எவன் நம்புவான்?”

எவ்வளவோ மன்றாடியும் அசையவில்லை. அவர் அறிவிப்பாளராக இருந்த காலம் முழுவதும் ஒரு திருத்தம்கூடச் சொன்னதில்லை என்று பிறகு அஞ்சலை அக்கா சொன்னார். திருவிழாத் தேதியைத் தப்பாகச் சொன்ன வருஷம், கோவில் கமிட்டி திருவிழாவையே அந்தத் தேதிக்கு மாற்றிக்கொண்டதாம்.

அன்று அவரோடு வாதாடியபோதுதான் அவர் கைகளைக் கிட்டத்தில் பார்த்தேன். பெட்டியின் கொக்கியை மாட்ட அவரால் முடியவில்லை. விரல்கள் அப்படி நடுங்கின. மைக்கை எப்போதும் இரண்டு கையாலும் பிடிப்பாரே, அதைப் பணிவு என்று நினைத்திருந்தேன். ஊரார் பெயரையெல்லாம் படித்த மனிதர் தன் பெயரைப் படிக்காமல் விட்டது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மீதியை அஞ்சலை அக்காதான் சொன்னார். மைக் அண்ணனின் மனைவி சரோஜா மார்பில் கட்டி வந்து இறந்துபோனவர். கருமாதி அதே மண்டபத்தில் நடந்தது. மறுநாள் அங்கே ஒரு கல்யாணம் நடக்க இருந்தது. கருமாதியன்று அண்ணன் நிற்க முடியாத அளவுக்குக் குடித்திருந்தார். யார் தடுத்தும் கேட்காமல் மைக்கை எடுத்து, மணமகள் செல்வி பிரேமாவும் மணமகனும் பல்லாண்டு வாழ்க என்று வாழ்த்தி, அனைவரும் விருந்துண்டு செல்லுமாறு கேட்டுக்கொண்டார். சிலர் சிரித்துவிட்டார்கள். ஒரே மகள் லட்சுமி எழுந்து போய்த் துணிமணியைக் கட்டினாள். மறுநாள் நீலாய்ப் பட்டணத்துக்குப் போனவள், அங்கேயே தொழிற்சாலையில் வேலை தேடிக்கொண்டாள். அதன் பிறகு அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அவரைப் பிரஷர் வரிசைக்குக் கொண்டுவர எனக்குப் பல வாரங்கள் பிடித்தன. வந்து உட்கார்ந்தார். எதைக் கேட்டாலும், “ஒண்ணுமில்ல மிஸ்ஸி,” என்றார். தூக்கம்? ஒண்ணுமில்ல. சாப்பாடு? ஒண்ணுமில்ல. பயிற்சியில் கற்றுக்கொடுத்த கேள்விகளை எல்லாம் கேட்டு ஓய்ந்தேன். அந்தக் கேள்விகளும் மலாயிலும் ஆங்கிலத்திலும் யோசித்தவை. என் தமிழில் அவை நொண்டியடித்தன.

கடைசியில் நான் மண்டபத்துக்குப் போய், வயரைக் கழற்றிவிட்டு, வெறும் மைக்கை மட்டும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். “எதுலயும் சேரலண்ணே. நல்லாப் பாத்துக்குங்க. எனக்கு மட்டும்தான் கேக்கும்.”

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தட்டினார். ஊதினார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அன்பார்ந்த மிஸ்ஸி அவர்களே. காலையில் எழுந்தவுடன் எனக்குக் கை நடுங்குகிறது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். இந்தத் தோட்டத்தில் யார் இறந்தாலும் அந்தச் செய்தியை நான்தான் அறிவிக்க வேண்டியுள்ளது. கூடப் படித்தவன், கூட வேலை செய்தவன், தூக்கி வளர்த்த பிள்ளை, எல்லாருடைய சாவையும் நான்தான் சொன்னேன். குடிக்காமல் குரல் வரவில்லை. கொஞ்சம் குடித்தேன், வந்தது. பிறகு சாவு இல்லாத நாள்களிலும் குரல் வர அது தேவைப்பட்டது. என் மனைவியின் சாவையும் நானே அறிவித்தேன். அன்றிலிருந்து நிறுத்தவே முடியவில்லை. இத்துடன் என் உரையை முடித்துக்கொள்கிறேன்.”

நன்றி, வணக்கம் சொல்லவில்லை. மைக்கை மேசைமேல் வைத்துவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் இருந்த நிலைக்குத் தோட்டத்தில் வைத்து நிறுத்த முடியாது, சிரம்பானில் ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் நிறுத்த வேண்டும் என்றார் டாக்டர். கட்டில் கிடைப்பது லேசில்லை. கேட்டு, காத்திருந்து, மறுபடி கேட்டு ஒருவழியாகக் கிடைத்தது. சேர வேண்டிய அன்று வேன் போய் நின்றால் ஆளைக் காணோம். ஸ்பீக்கரில் குரல் மட்டும் கேட்டது. பழைய டிராக்டர்காரர் ஒருவர் அன்று காலையில் இறந்துவிட்டாராம்.

“சாவு மிஸ்ஸி,” என்றார், கிட்டே போனதும். குடித்திருந்தார். “நான் இல்லாம எப்பிடி மிஸ்ஸி?”

கட்டில் வேறொருவருக்குப் போய்விட்டது. இனி எப்போது என்று தெரியாது. அடுத்து வந்த வாரங்களில் அவர் கண் மஞ்சளானது, வயிறு வீங்கியது. இப்படியே குடித்தால் அடுத்த திருவிழாவைப் பார்க்க மாட்டார் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். இரண்டாவது முறை கட்டிலுக்கு எழுதியபோது, இந்தத் தடவை வீட்டு ஆள் ஒருவர் கூட வந்தால் நல்லது என்றார்கள். வீடு திரும்பிய பிறகு பார்த்துக்கொள்ள யாரும் இல்லாவிட்டால், நிறுத்தியது நிற்காது. நியாயம்தான். அவருக்கு வீட்டு ஆள் என்று இருந்தது லட்சுமி ஒருத்திதான்.

அவரிடம் கேட்டுக்கொண்டு நான் நீலாய்க்குப் போனேன். தொழிற்சாலைக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் லட்சுமி என்னைச் சந்தித்தாள். அப்பாவின் அதே நெற்றி. நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“சின்னப் பிள்ளையிலேருந்து எத்தன சத்தியம் பாத்திருக்கேன் தெரியுமா மிஸ்ஸி? எங்கம்மா எத்தன கயிறு கட்டிவிட்டாங்க தெரியுமா?”

“இது கயிறு இல்லம்மா. ஆஸ்பத்திரி.”

“எல்லாம் ஒண்ணுதான். அவரு எதையும் தப்புன்னு ஒத்துக்கவே மாட்டாரு. அம்மா கருமாதிய கல்யாணமாக்கிட்டாரு. அத்தன பேரு முன்னுக்கு எவ பேரையோ சொன்னாரு. இன்னிவரைக்கும் அதப்பத்தி ஒரு வார்த்த இல்ல.” அவள் முன்னால் இருந்த குவளையைத் தள்ளி வைத்தாள். “எங்கம்மா பேரு சரோஜா. அது அவருக்குத் தெரியுமான்னு கேளுங்க. அதுக்கப்பறம் பேசுவோம்.”

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. இந்த வேலையில் நான் அதிகமாகப் பார்த்தது நோயாளிகளை அல்ல, நம்பி நம்பிக் களைத்துப்போன வீட்டாரைத்தான். அவர்களுக்கு என் வேனில் மருந்து இல்லை.

அந்த வார வேனில் போய் மைக் அண்ணனிடம் அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். மண்டபத்து வாசலில் நின்று கேட்டார். திரும்பி உள்ளே போனார். பெட்டிக்குப் பின்னால் போத்தல் வைத்திருப்பார் என்பது எனக்குத் தெரியும். இன்றைக்கும் அவ்வளவுதான் என்று நினைத்து மேசையை மடக்கத் தொடங்கினேன்.

ஸ்பீக்கர் கரகரத்தது.

“அன்பார்ந்த தோட்டத்துப் பெருமக்களே. ஒரு திருத்தம்.”

மருந்தடித்துவிட்டு வந்துகொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அந்தத் தோட்டம் அந்த வார்த்தையை அந்தக் குரலில் கேட்டதே இல்லை. அஞ்சலை அக்கா என்ன நினைத்தாரோ, ரவிக்கையிலிருந்து கைப்பேசியை எடுத்து லட்சுமியை அழைத்தார். “ஒண்ணும் பேசாத, கேளு,” என்று சொல்லி, கைப்பேசியை ஸ்பீக்கரை நோக்கி உயரத் தூக்கிப் பிடித்தார்.

“முன்பு ஒரு நாள் இதே மண்டபத்தில் மணமகள் செல்வி பிரேமா என்று நான் அறிவித்தது தவறு. அன்று நடந்தது திருமணம் அல்ல. என் மனைவியின் கருமாதி. என் மனைவியின் பெயர் சரோஜா. மீண்டும் அறிவிக்கிறேன். அவர் பெயர் சரோஜா. அன்று நான் குடித்திருந்தேன்.” பிறகு மேடைத் தமிழ் போய், மைக்கில் அவர் ஒருபோதும் பேசாத வீட்டுத் தமிழ் வந்தது. “லெச்சுமி, அப்பா தப்புப் பண்ணிட்டேம்மா. அம்மாவுக்கும் பண்ணிட்டேன். ஒனக்கும் பண்ணிட்டேன்.”

பெண்களில் யாரோ விசும்பினார்கள். ஸ்பீக்கர் தொண்டையைச் செருமிக்கொண்டது.

“மேலும், மைக் ஆகிய நான் ஒரு குடிகாரன் என்பதையும், சிகிச்சைக்காக சிரம்பான் ஆஸ்பத்திரியில் சேரவிருக்கிறேன் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். நான் திரும்பி வரும்வரை தோட்டத்தில் தயவுசெய்து யாரும் இறக்க வேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.”

கட்டில் கிடைத்த நாளில் நானும் அவரும் ஆஸ்பத்திரி வாசலில் போய் இறங்கினோம். லட்சுமி எங்களுக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தாள். அப்பா முகத்தை அவள் பார்க்கவில்லை. என்னிடம்தான் சொன்னாள். “இவருக்காக வரல மிஸ்ஸி. எங்கம்மா பேரச் சரியாச் சொன்னாரு. அதுக்காக வந்தேன்.” சொல்லிவிட்டு, அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். மைக் அண்ணன் அவள் பின்னால், ஒரு எட்டுத் தள்ளியே போனார்.

வார்டில் முதல் சில நாள்கள் அவர் பட்ட பாட்டை நான் இங்கே எழுதப் போவதில்லை. கொஞ்சம் தேறியதும், பார்வையாளர் நேரம் முடிவதை அவரே அறிவிக்கத் தொடங்கிவிட்டாராம். மைக் இல்லாமல், தண்ணீர்க் குவளையை வாயருகே பிடித்துக்கொண்டு. வார்டு மிஸ்ஸி என்னிடம் புகார் சொல்வதுபோல் சொல்லிச் சிரித்தார்.

அவர் திரும்பியபோது யாரும் இறந்திருக்கவில்லை. ஆனால் எங்கள் மேசைக்கு முன்னால் வரிசை நீண்டிருந்தது. “மைக்கே சொல்லிட்டாரு, இனிமே நமக்கென்னா வெக்கம்?” என்றார் அஞ்சலை அக்காவின் வீட்டுக்காரர். ரகசியத்தைக் காப்பாற்ற நான் பட்ட பாடெல்லாம் செய்யாததை, ரகசியமே இல்லாத அந்த மனிதர் ஒரே அறிவிப்பில் செய்துவிட்டார்.

இதோடு சுபம் போட எனக்கும் ஆசைதான். ஆனால் இந்த நோய் அப்படி முடிவதில்லை. அடுத்த திருவிழாவில் அவர் மறுபடி குடித்தார். ஆனால் முன்பு மற்றவர்கள் ஓடியதுபோல் செம்பனைக் காட்டுக்குள் ஓடவில்லை, தானே வந்து மேசை முன்னால் உட்கார்ந்து, “பிரஷர் ஏறிடுச்சி மிஸ்ஸி,” என்றார். மறுபடி தொடங்கினோம். லட்சுமி திட்டிக்கொண்டே வந்தாள். அதன் பிறகும் ஒரு முறை விழுந்தார், எழுந்தார். பெட்டிக்குப் பின்னால் இப்போது போத்தல் இல்லை, லட்சுமி கொடுத்தனுப்பும் ஊறுகாய் ஜாடி இருக்கிறது. சாவு அறிவிப்பதை இப்போது அஞ்சலை அக்கா ஏற்றுக்கொண்டிருக்கிறார். கல்யாணமும் காணாமல் போன சேவல்களும் மட்டும் மைக் அண்ணனுக்கு.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ராசாவுக்கே வந்துவிட்டேன். வேன் போகிற நாளில் அவர் போன் செய்வார். போன் அவருக்கு இன்னொரு மைக். “இன்றும் குடிக்கவில்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்,” என்பார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

ஒருவருடைய நோயைப் பற்றி அவர் சம்மதம் இல்லாமல் எழுதக்கூடாது. அதனால் இதுவரை எழுதியதை நேற்று போனில் அவருக்கு முழுவதுமாகப் படித்துக் காட்டினேன். இடையில் ஒரு சத்தமும் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறாரா என்றே சந்தேகம் வந்துவிட்டது. முடித்த பிறகு, “எழுதலாமாண்ணே?” என்று கேட்டேன்.

“தாராளமா எழுதுங்க மிஸ்ஸி. ஆனா ஒரு திருத்தம்.”

“என்னண்ணே?”

“மொதல்ல, ‘அப்படி ஒருவர் இருந்தார்’னு எழுதியிருக்கீங்க. நான் இங்கதான இருக்கேன்?”

அன்பார்ந்த வாசகர்களே, ஒரு திருத்தம். பகாவுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார். இன்னும் நெடுங்காலம் இருக்கட்டும்.